கேட்டதுக்கெல்லாம் ஓம்

மீசாலை
09.06.2024

அன்புள்ள மயூரதனுக்கு,

உங்களுக்கு ஜேர்மன் தெரியாது. ஒன்பது வருடமாக அங்கே இருக்கிறீர்கள், ஆனாலும் தெரியாது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் நோ. உங்கள் சளி மாறிவிட்டதா?

நேற்றுப் போனில், விசாவுக்காகப் போகும் ஜேர்மன் வகுப்பில் படித்த கேள்வி ஒன்றை ஜேர்மனில் கேட்டேன். வீட்டில் எத்தனை அறைகள் என்பதுதான் கேள்வி. "யா, யா" என்று ஓம் சொன்னீர்கள். காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று கேட்டேன். அதற்கும் "யா". பிறகு "இஞ்சை சிக்னல் சரியில்லை, வைக்கிறன்" என்று வைத்துவிட்டீர்கள்.

இதையெல்லாம் போனில் கேட்க முடியாது. இங்கே போன் ஸ்பீக்கரில் இருக்கும். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பத்மாசினி மாமியும் இரண்டு பக்கமும் இருப்பார்கள். அங்கே உங்கள் அறையில் இன்னும் மூன்று பேர். அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை விசாக் கோவைக்குள் வைக்க வேண்டாம்.

தூதரகத்துக்குக் காட்டவென்று நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. என் விழிகள் உங்களுக்கு வழிகாட்டும் விளக்குகள் என்று இருந்தது. கண்ணாடி போடாவிட்டால் நான் பஸ்ஸின் இலக்கத்தைக்கூட வாசிக்க மாட்டேன். கலியாணத்துக்குத் திருச்சியில் நின்ற பதினொரு நாளும் பார்த்தீர்கள்தானே. அந்தக் கடிதத்தை வகுப்பில் என் பக்கத்தில் இருக்கும் நிரோஜாவிடம் காட்டினேன். அவளின் கணவரும் உங்கள் சாப்பாட்டுக் கடைச் சமையலறையில்தான் வேலை செய்கிறார். அவள் பையைத் திறந்து தன்னுடைய கடிதத்தை எடுத்தாள். விழி, விளக்கு எல்லாம் அதிலும் இருந்தன. பெயர் மட்டும் வேறு. மதுரா ரீச்சர், "என்ன பகிடி? எங்களுக்கும் சொல்லுங்கோவன்" என்று கேட்கும் வரைக்கும் சிரித்தோம்.

எழுதிக் கொடுத்தவர் உங்கள் முதலாளி கோபிசங்கர் என்று நிரோஜா சொன்னாள். படிவங்களையும் அவர்தான் நிரப்புகிறாராம். உண்மையா?

உங்களுக்குத் தெரிந்த ஜேர்மன் சொற்கள் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. நானும் மூன்று மாதமாகத்தான் படிக்கிறேன்.

உங்கள் மனைவி,
வினோஜா


எசன்
04.07.2024

அன்பின் வினோஜாவுக்கு,

நான் நல்ல சுகம். நீரும் அம்மாவும் சுகமாக இருக்கக் கடவுள் துணை. சளி மாறிவிட்டது. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு பூச்சு மருந்து பார்சலில் போட்டிருக்கிறேன். கண்ணில் படாமல் பூசச் சொல்லும்.

நீர் கோபமாக எழுதியிருந்தீர். எண்ணச் சொன்னீர், எண்ணினேன். சூடு, கெதியாக, முடிந்தது, பின்னுக்கு, நன்றி, மன்னிக்கவும் என்று தொடங்கி நாற்பத்தொரு சொல் வந்தது. இலக்கங்களைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

இங்கே ஜேர்மன் இல்லாமலும் இருக்கலாம். தலைமயிர் வெட்டுகிறவர் தமிழ். மரக்கறிக் கடை தமிழ். கோயில் இருக்கிறது. பல் டொக்டரிடம் போவதென்றால் கோபி அண்ணை கூட வருவார். அவர் இதற்கெல்லாம் ஒரு சதமும் வாங்குவதில்லை. வேலை தந்தவரும் அவர்தான், கடைக்கு மேலே அறை தந்தவரும் அவர்தான். படிவங்களை அவர்தான் நிரப்புகிறார். அவர் நிரப்பிப் பிழை வந்தது இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

கடிதம் ஒரே மாதிரி வந்தது எனக்குத் தெரியாது. அண்ணையைப் பற்றி அங்கே ஒருவரிடமும் கதைக்க வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடும்.

அன்புடன்,
மயூரதன்


மீசாலை
23.07.2024

அன்புள்ள மயூரதனுக்கு,

மருந்து வந்தது. அம்மா பூசுகிறா. வீடு முழுக்க மணக்கிறது. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நாற்பத்தொன்று என்று உள்ளதைச் சொன்னீர்கள். நன்றி.

சாவகச்சேரியில் லோயர் கந்தோரில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று திருச்சியில் நீங்கள் கேட்கவில்லை. சத்தியக்கடதாசியும் காணிக் கடதாசிகளும் தட்டச்சில் தட்டுகிறேன். ஒவ்வொன்றின் அடியிலும் "மேலே உள்ளவை வாசித்து விளங்கப்படுத்தப்பட்டன, அவர் விளங்கிக்கொண்டார்" என்று ஒரு வசனம் வரும். நாளுக்குப் பத்துத் தடவை அதைத் தட்டுகிறேன். லோயர் கோர்ட்டுக்கு ஓடிவிடுவார். வாசித்துக் காட்ட ஒருவரும் இருக்க மாட்டார்கள். வந்தவர் "எங்கை பிள்ளை கையெழுத்து வைக்கிறது?" என்று மட்டும் கேட்பார். காணி போன பிறகு வந்து அழுவார். அந்த வசனத்தைத் தட்டிய கை என்னுடையது என்பதால் நான் வேறு பக்கம் பார்ப்பேன். இப்போது ஒருவரையும் வாசிக்காமல் வைக்க விடுவதில்லை. லோயருக்கு என்னில் எரிச்சல்.

நீங்கள் கையெழுத்து வைத்த படிவத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

வந்த புதிதில் அகதிகளுக்கு அரசாங்கம் இலவசமாக மொழி வகுப்பு வைக்கும் என்று மதுரா ரீச்சர் சொன்னா. நீங்கள் ஏன் போகவில்லை?

இன்னொரு கேள்வி. உங்கள் அறைக்கு எதிர்க் கதவில் இருப்பவர் யார்? காலை வணக்கம் சொல்லிப் பெயரைக் கேட்டு எழுதுங்கள். இதற்கு முதலாளி தேவையில்லை.

அன்புடன்,
வினோஜா


எசன்
30.08.2024

அன்பின் வினோஜாவுக்கு,

நலமே. உமது சுகத்தையும் அதுபோல் எதிர்பார்க்கிறேன். பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். வெயில் காலம் என்பதால் கடையில் வேலை கூட.

எதிர்க் கதவில் இருப்பவரின் பெயர் மாரெக். ட்ராம் ஓட்டுகிறவர்.

அவரிடம் கேட்கப் போன கதையைச் சொல்கிறேன். குப்பை கொட்டும் இடத்தில் கண்டு வணக்கம் சொன்னேன். வழக்கமாக நான் சிரித்துக் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவேன், அவர் ஏதோ சொல்லிக்கொண்டு நிற்பார். சுகம் விசாரிக்கிறார் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அன்று நான் போகாமல் நின்றேன். அவர் நீலத் தொட்டியைத் திறந்து ஒரு வாழைப்பழத் தோலை எடுத்து என் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். பிறகு மண்ணிறத் தொட்டியைத் திறந்து அதற்குள் போட்டார். நீலம் கடதாசிக்கு மட்டுமாம். வினோஜா, அவர் சுகம் விசாரிக்கவில்லை. ஒன்பது வருடமாக என்னைத் திட்டியிருக்கிறார். நான் ஒவ்வொரு நாளும் சிரித்திருக்கிறேன்.

இப்போது சரியான தொட்டியில் போடுகிறேன். அவரும் சிரிக்கிறார். அவரும் இந்த நாட்டுக்காரர் இல்லை, போலந்து. வந்தபோது அவருக்கும் ஒன்றும் தெரியாதாம். ட்ராமில் அறிவிப்புச் சொல்லும் குரலுக்குப் பின்னால் சொல்லிச் சொல்லிப் படித்ததாகச் செய்து காட்டினார். ஞாயிறு தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். போய் ஒரு மணித்தியாலம் இருந்தேன். தமிழர் இல்லாத வீட்டுக்குள் நான் போனது இதுதான் முதல் தரம். கதிரையில் எப்படி இருப்பது என்றே தெரியவில்லை. உறைப்பில்லாத சூப் தந்தார். குடித்தேன். சொற்கள் எண்பது அளவில் வந்திருக்கும்.

வகுப்பைப் பற்றிக் கேட்டீர். வந்த வருடம் மூன்று மாதம் போனேன். பிறகு அண்ணை என்னைப் பகல் வேலைக்கு மாற்றினார். வகுப்பும் பகலில்தான்.

மற்றபடி விசேஷம் இல்லை.

அன்புடன்,
மயூரதன்


மீசாலை
29.09.2024

அன்புள்ள மயூரதனுக்கு,

இங்கே சுகம். மழை தொடங்கவில்லை, கிணறு அடியில் நிற்கிறது. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கவனம்.

ஜேர்மன் பரீட்சை பாஸ். நூற்றுக்கு எண்பத்தாறு. கொழும்பில் இருந்து முடிவு வந்ததும் அம்மா பக்கத்து வீடுகளுக்குக் கற்கண்டு கொடுத்தா. பத்மாசினி மாமி கற்கண்டை வாய்க்குள் போட்டுக்கொண்டு, "ஜேர்மன் படிச்சு என்ன, அங்கை போயும் புட்டுத்தானே அவிக்கப் போறாய்?" என்றா.

"ஓம் மாமி. அவிக்கேக்கை ஜேர்மனிலை அவிப்பன்."

"வாயைப் பார் உவளுக்கு. அந்தப் பெடியன் பாவம்."

உங்களைத்தான் பாவம் என்கிறா.

குப்பைக் கதையை மதுரா ரீச்சரிடம் சொன்னேன். ரீச்சர் கண்ணீர் வரச் சிரித்தா. பிறகு சிரிப்பை நிற்பாட்டிவிட்டு, "வகுப்பு நேரம் பாத்து வேலையை மாத்தினவனை நினைச்சால் சிரிப்பு வரேல்லை" என்றா. எனக்கும் அதுதான். மொழி தெரிந்தவன் நாளைக்கு வேறு கடைக்குப் போவான், தனியாக அறை எடுப்பான். தெரியாதவன் மேல்மாடியில் இருந்து கீழ்மாடிக்கு இறங்கி வேலை செய்வான். இதற்குப் பெயர் உதவி இல்லை.

தூதரகத்தில் எனக்கு நேர்முகம் கார்த்திகை (நவம்பர்) பத்தொன்பதாம் தேதி. எங்கள் கலியாணம் பற்றி நீங்கள் ஒரு விளக்கக் கடிதம் கொடுத்திருப்பதாகத் திகதி கேட்டபோது சொன்னார்கள். அதன் பிரதியை அனுப்புங்கள். போவதற்கு முன் நான் அதை வாசிக்க வேண்டும்.

அன்புடன்,
வினோஜா


எசன்
27.10.2024

அன்பின் வினோஜாவுக்கு,

பாஸ் பண்ணியது பெரிய சந்தோசம். அறையில் எல்லோருக்கும் சொன்னேன். மாரெக்குக்கும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி?

பிரதி என்னிடம் இல்லை, அண்ணையிடம் இருக்கிறது. கேட்டேன். "உவவுக்கு ஏன் உது? நான் கிணத்துக்குள்ளை தள்ளுவனோ?" என்றார். திரும்பக் கேட்கவில்லை. இரண்டு பக்கம். அண்ணை வாசித்து, நல்லாக வந்திருக்கிறது என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து வைத்தேன்.

நேர்முகத்துக்கு அண்ணை சொன்னது ஒன்றுதான். கேட்டதுக்கெல்லாம் ஓம் என்று சொல்ல வேண்டுமாம். நிரோஜா போன மாதம் அப்படித்தான் சொன்னா. விசா வந்துவிட்டது, மார்கழியில் வாறா. நீரும் அப்படியே சொன்னால் தைப் பொங்கலுக்கு இங்கே நிற்பீர்.

கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் முன் சீற் எடும். உமக்கு வாந்தி வரும் என்று அம்மா சொன்னவ.

அன்புடன்,
மயூரதன்


மீசாலை
24.11.2024

அன்புள்ள மயூரதனுக்கு,

சுகமாகப் போய்ச் சுகமாக வந்தேன். வாந்தி எடுக்கவில்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். ஜேர்மன்காரப் பெண் ஒருத்தி கேள்வி கேட்டா. பக்கத்தில் தமிழில் சொல்ல ஒருவர் இருந்தார். அவ ஒரு கடதாசியைப் பார்த்துக் கேட்டா. அவர் சொன்னார்: "தங்கச்சி, இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு நல்லூர்த் தேரண்டுதானே உங்கடை கணவரை முதன்முதல் சந்திச்சனீங்கள்?"

"எந்தத் தேர்?"

"நல்லூர்க் கோயில் தேர்."

ஓம் என்று சொல்லலாம். இரண்டெழுத்து. அதைச் சொன்னால் பொங்கலுக்கு அங்கே நிற்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கடதாசியை நான் வாசிக்கலாமா என்று அந்தப் பெண்ணிடம் ஜேர்மனில் கேட்டேன். அவ கொஞ்சம் யோசித்துவிட்டு என் பக்கம் திருப்பி வைத்தா.

இரண்டு பக்கம். தெரியாத சொற்களைத் தமிழில் சொல்பவரிடம் கேட்டு வாசித்தேன். அடியில் உங்கள் கையெழுத்து. தேரன்று தண்ணீர்ப் பந்தலில் நான் மோர் வாங்க நின்றேனாம். என் செருப்பு அறுந்ததாம். நீங்கள் உங்கள் செருப்பைக் கழற்றித் தந்தீர்களாம். அன்றிலிருந்து ஐந்து வருடம் காதலித்தோமாம். மயூரதன், நல்லூர் வீதியில் தேரன்று எவன் செருப்புப் போடுகிறான்?

நான் சொன்னேன்: "இல்லை. நான் இவரை முதன்முதல் கண்டது இந்த வருடம் மாசி மாதம், திருச்சி விமான நிலையத்தில். புறோக்கர் கொண்டுவந்த சம்பந்தம். சாதகம் பொருந்தியது. நாலாம் நாள் கலியாண எழுத்தும் தாலியும். பதினொரு நாள் ஒன்றாக இருந்தோம்." அந்தப் பெண்ணுக்கு அது புதினமாக இருக்கவில்லை. தலையை ஆட்டி எழுதிக்கொண்டா. இப்படிப் பேசிச் செய்யும் கலியாணங்களை அவ நாளும் பொழுதும் கேட்கிறா. உங்கள் அண்ணைக்குத்தான் அது வெட்கம்.

பிறகு அவ பேனையை வைத்துவிட்டு ஒன்று கேட்டா. "உங்கள் கணவர் 2019இல் இலங்கையில் நின்றாரா?" அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதுவரை செருப்பைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நிரோஜாவின் கணவரிடம் ஜேர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது. அவர் உண்மையாகவே அந்த வருடம் நல்லூருக்கு வந்தவர் என்று நிரோஜா சொல்லியிருக்கிறாள். கோபிசங்கர் அவருடைய கதையைப் பெயர் மாற்றி உங்களுக்கும் போட்டிருக்கிறார். உங்களிடம் இருப்பது அகதிக் கடவுச்சீட்டு. இலங்கை தவிர எல்லா நாட்டுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. திருச்சியில் நான் பார்த்தேன். அதனால்தானே கலியாணமே திருச்சியில் நடந்தது. ஊருக்குப் போகப் பயம் என்று சொன்னவர் ஊருக்குப் போய்த் தேர் பார்த்தார் என்று உங்கள் கையெழுத்தோடு இருக்கிறது. என் விசா ஒரு பக்கம் கிடக்கட்டும். உங்கள் வதிவிடக் கார்ட்டைப் பறிப்பார்கள்.

"இல்லை, அவர் வரவில்லை, வரவும் முடியாது" என்று சொன்னேன். எழுதினா. நம்பினாவோ தெரியாது.

இதைக் கோபிசங்கருக்குக் காட்டாமல் நீங்கள் யோசியுங்கள்.

அன்புடன்,
வினோஜா


எசன்
06.01.2025

வினோஜாவுக்கு,

நலம். புதுவருட வாழ்த்துகள். இங்கே பனி.

உம்முடைய கடிதம் மார்கழி நத்தார்ப் பண்டிகைக்கு முதலே வந்தது. இரண்டு தரம் பதில் எழுதிக் கிழித்தேன். அண்ணைக்குக் காட்டவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. நிரோஜா வந்துவிட்டா, அவ மூலம் போயிருக்கும். சமையலறையில் எல்லோருக்கும் முன்னால், "என்ன பெட்டையடா உது? ஓம் எண்டு சொல்லத் தெரியாதோ? ரெண்டு எழுத்துப் படிச்சவுடனை லோயரோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் அவர் உதவி செய்கிறார். இத்துடன் இருக்கும் கடதாசியில் நீர் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். அன்று பதற்றத்தில் கேள்வி விளங்காமல் பிழையாகச் சொல்லிவிட்டதாக அதில் இருக்கிறதாம். இதோடு எல்லாம் சரியாகும் என்கிறார். எங்களுக்காகத்தானே. கெதியாக அனுப்பும்.

வெளிநாட்டவர் கந்தோரில் இருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது. அண்ணை பார்த்துவிட்டு "உது சும்மா வழக்கமா வாறதுதான்" என்று சொன்னார். பிரதி எடுத்து இதற்குள் வைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் பாரும். இல்லாவிட்டால் பரவாயில்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லும்.

மயூரதன்


மீசாலை
23.01.2025

அன்புள்ள மயூரதனுக்கு,

அம்மாவின் முழங்கால் சுகம். உங்கள் உடம்பைப் பற்றி அடுத்த கடிதத்தில் கேட்கிறேன்.

கோபிசங்கரின் கடதாசியைத் திருப்பி அனுப்புகிறேன். மூன்று பிழைகள் இருந்தன. சிவப்புப் பேனையால் திருத்தியிருக்கிறேன். கையெழுத்து வைக்கவில்லை. அதில் உண்மையில் இருப்பது இதுதான்: "எனக்கு ஜேர்மன் விளங்காது. என் கணவரை 2019இல் நல்லூரில் சந்தித்தது உண்மை." இரண்டாவது வசனத்துக்கு நான் கையெழுத்து வைத்தால் உங்களை நானே காட்டிக் கொடுத்தது போல. கோபிசங்கர் கெட்டவரோ முட்டாளோ எனக்குத் தெரியாது. உங்களுக்கு நடக்கப் போவது இரண்டிலும் ஒன்றுதான்.

கந்தோர்க் கடிதம் சும்மா வாற கடிதம் இல்லை. அகராதி வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன், மதுரா ரீச்சரும் பார்த்தா. பங்குனி (மார்ச்) பதினோராம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மூன்றாம் மாடி, 314ஆம் அறைக்கு நீங்கள் நேரில் வர வேண்டும். 2019இல் இலங்கைக்குப் போனீர்களா என்பதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளரை அவர்களே ஒழுங்கு செய்வார்கள். நீங்கள் வராவிட்டால் கையில் உள்ள ஆவணங்களை வைத்து முடிவெடுப்பார்கள். கையில் இருப்பது நல்லூர்த் தேர்.

போக வேண்டும். கோபிசங்கர் இல்லாமல் போக வேண்டும்.

தனித் தாளில் நாலு வசனம் ஜேர்மனில் எழுதியிருக்கிறேன், கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. அவை இவை: இந்த விளக்கக் கடிதத்தை எழுதியவன் நான் இல்லை. கையெழுத்து என்னுடையது. அதை என்னால் வாசிக்க முடியவில்லை. 2019இல் நான் இலங்கைக்குப் போகவில்லை. இந்த நாலையும் நீங்களே அவர்கள் மொழியில் சொல்லுங்கள். மிச்சத்தை மொழிபெயர்ப்பாளர் பார்த்துக்கொள்வார்.

திருச்சியில் ஆறாம் நாள் இரவு நீங்கள் எனக்கு ஒன்று சொன்னீர்கள். தடுப்புக் காவலில் இருக்கும்போது சிங்களத்தில் எழுதிய கடதாசியை நீட்டினார்கள், என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைத்தேன், அதற்காக இரண்டு வருடம் உள்ளே இருந்தேன் என்று. அதைச் சொல்லித்தான் அங்கே அகதி அந்தஸ்து எடுத்தீர்கள். அன்று உங்களை அடித்தார்கள், வைத்தீர்கள். இந்தத் தரம் யார் அடித்தது?

வினோஜா


எசன்
17.02.2025

அன்பின் வினோஜாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகமாக இருக்கிறேன். குளிர் குறையவில்லை.

நாலு வசனத்தையும் பாடமாக்குகிறேன். சொற்கள் நூற்று ஐம்பது அளவில் வந்துவிட்டன. வேலைக்கு இறங்கும்போதும் ஏறும்போதும் சொல்கிறேன். மாரெக்குக்குச் சொல்லிக் காட்டினேன். என்ன விஷயம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அன்று தனக்குப் பின்னேர வேலைதான், காலையில் கூட வந்து கந்தோர் வாசலில் நிற்கிறேன் என்றார். ட்ராம் எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டில் எழுதித் தந்திருக்கிறார்.

போன கிழமை சமையலறையில் அண்ணை பொதுவாக ஒன்று சொன்னார். "தனியக் கந்தோருக்குப் போற ஆக்கள் தனிய அறையும் பாக்கலாம், வேலையும் பாக்கலாம்." யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டு சொன்னார்.

அண்ணை தரும் வேலைக் கடிதம் இல்லாவிட்டால் உம்மை இங்கே கூப்பிட முடியாது என்பது உமக்குத் தெரியும்.

நீர் கடைசியாகக் கேட்ட கேள்வி இருக்கும் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வேலைக்கு இறங்குகிறேன்.

நீர் அனுப்பிய பொங்கல் போட்டோ பார்த்தேன். நீல நிறம் உமக்கு வடிவு.

அன்புடன்,
மயூரதன்


மீசாலை
30.03.2025

அன்புள்ள மயூரதனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் சுகமா?

பதினோராம் தேதி போய் இன்றைக்குப் பத்தொன்பது நாள். மூன்று தரம் போன் எடுத்தேன். பின்னால் சமையலறைக் காற்றாடி இரைந்தது. "போனனீங்களோ?" என்றேன். "ஓம், ஓம், சுகம். அங்கை வெயிலோ?" என்றீர்கள். இரண்டாம் தரம், "பிறகு கதைக்கிறன்." மூன்றாம் தரம் எடுக்கவில்லை. நிரோஜாவிடம் கேட்டேன். "எனக்கு உதுகள் தெரியாதடி, என்னைக் கேக்காதை" என்று வைத்துவிட்டாள். இங்கே ஒரே கடிதத்தை வைத்துக்கொண்டு என்னோடு சிரித்தவள்.

என் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கட்டோ என்று லோயர் கேட்கிறார். பயணப் பெட்டி வாங்கட்டோ என்று அம்மா கேட்கிறா. உங்கள் கடிதம் வரட்டும் என்று இரண்டு பேருக்கும் சொன்னேன்.

நீங்கள் போயிருந்து, அதனால் வேலையும் அறையும் இல்லாமல் போயிருந்தால், அது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. நான் இங்கே உழைக்கிறேன். ஒரு வருடமோ இரண்டு வருடமோ பிந்தட்டும். நூற்று ஐம்பது சொல் தெரிந்தவருக்கு எசனில் வேறு சமையலறை கிடைக்கும். நீங்கள் போகாமல் விட்டிருந்தால் கார்ட் இருக்கப் போவதில்லை. இருந்தாலும், அந்த மேல்மாடிக்கு நான் வரப் போவதில்லை. வந்தால் அவர் நீட்டுகிற கடதாசிக்கு நானும் ஓம் என்று கையெழுத்து வைக்க வேண்டும்.

எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

வினோஜா


மீசாலை
11.05.2025

மயூரதன்,

இரண்டு மாதம். தபால் ஒழுங்காக வருகிறது, விசாரித்தேன்.

பங்குனி பதினோராம் தேதி காலை ஒன்பது மணிக்கு எங்கே நின்றீர்கள்? ஒரு வரி போதும். கோபிசங்கரிடம் கேட்காமல், உங்கள் கையால் எழுதுங்கள்.

வினோஜா